விருப்ப ஓய்வுப் பணம்: கைக்கு வந்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

பொதுத்துறை வங்கிகளில் 2000-2001இல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே வந்தார்கள். நானும் அதில் ஒருவன். 2020 ஜனவரி 31ஆம் தேதி பி.எஸ்.என்.எல். நிறுவனத்தில் ஒரே நாளில் 78,000க்கும் அதிகமானவர்கள் அதேபோல் விடைபெற்றார்கள். ஓய்வூதியர் சங்கத்தில் உட்கார்ந்து இரண்டு தரப்பினரின் பாஸ்புத்தகங்களையும் டெபாசிட் ரசீதுகளையும் பார்த்து வருகிறவன் என்ற முறையில் இன்று பேசுகிறேன். ஐம்பது, ஐம்பத்திரண்டு வயதில் வேலையை விட்டு வந்தவர்களை மனதில் வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில், விருப்ப ஓய்வில் வெளியே வந்தவர்களுக்கு மொத்தமாகக் கொடுத்த கருணைத் தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்று பாருங்கள். பி.எஸ்.என்.எல். திட்டத்தில், வேலை பார்த்து முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 35 நாள் சம்பளம், மீதியிருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 25 நாள் சம்பளம். எங்கள் வங்கித் திட்டத்தில், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 60 நாள் சம்பளம், அல்லது மீதியிருந்த மாதங்களின் சம்பளம், இதில் எது குறைவோ அது. ஆக, இனிமேல் மாதாமாதம் வந்திருக்க வேண்டிய சம்பளத்தில் ஒரு பகுதியைத்தான் மொத்தமாக எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள். வங்கிக் கணக்கில் ஏழு இலக்கத் தொகையைப் பார்த்ததும் சொத்து வந்துவிட்டதாகத் தோன்றுவது இயல்புதான். ஆனால் அது சம்பளம். அதை மாதாமாதம் நமக்கு நாமே பட்டுவாடா செய்துகொள்ள வேண்டும், அதுவும் முப்பது வருஷத்துக்கு மேல்.

முப்பது வருஷம் என்பது விளையாட்டல்ல. விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால் செலவு பன்னிரண்டு வருஷத்தில் இரட்டிப்பாகும். 52 வயதில் மாதம் 30,000 ரூபாயில் ஓடும் குடும்பத்துக்கு 64 வயதில் 60,000 வேண்டும். 76 வயதில் 1,20,000 வேண்டும். ஓய்வூதியம் வருகிறவர்களுக்குப் பஞ்சப்படி கொஞ்சம் கைகொடுக்கும். வங்கி ஓய்வூதியத்தில் அடிப்படைத் தொகை அப்படியே நிற்க, பஞ்சப்படி மட்டும்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது. ஓய்வூதியமே இல்லாதவர்கள் இந்தக் கணக்கை இன்னும் கவனமாகப் போட வேண்டும்.

நம் ஊரில் இந்தப் பணம் பெரும்பாலும் எங்கே போகிறது? மாடிக்குத்தான். மேலே ஒரு போர்ஷன் எடுத்தால் வாடகை வரும், அதில் காலம் ஓடிவிடும் என்கிறார்கள். சரி, கணக்குப் பார்ப்போம். 25 லட்சம் போட்டுக் கட்டிய போர்ஷனுக்கு மாதம் 10,000 வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 1,20,000. அதாவது 4.8 சதவீதம். இதில் சொத்து வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர், ஆள் மாறும்போது ஒரு மாதம் காலி என்று கழித்தால் 4 சதவீதம் நிற்பதே பெரிது. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. திடீரென்று ஆஸ்பத்திரியில் மூன்று லட்சம் கட்டச் சொன்னால், மாடியில் ஒரு அறையை மட்டும் விற்க முடியாது. வாடகை வீட்டில் இருப்பவர் தான் குடியிருக்க ஒரு சின்ன வீடு வாங்குவதை நான் தடுக்க மாட்டேன். வருமானத்துக்காக மாடி கட்டாதீர்கள் என்று மட்டும் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

அடுத்தது அதிக வட்டி. தமிழ்நாட்டில் தொண்ணூறுகளில் பைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாக மூடியதால்தான் 1997இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே வந்தது. சட்டம் இருக்கிறது, பொருளாதாரக் குற்றப்பிரிவு இருக்கிறது. ஆனால் சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, பணம் கைக்கு வருவதற்குள் வருஷங்கள் ஓடிவிடும். இதில் வேதனை என்னவென்றால், பணம் கேட்டு வருபவர் பெரும்பாலும் அந்நியர் இல்லை. உங்களோடு ஒரே செக்‌ஷனில் இருந்து, ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றவராகவே இருப்பார். அவரும் நம்பித்தான் கேட்பார். அவர் மேல் உள்ள அன்பு வேறு, அந்த நிறுவனத்தின் மேல் உள்ள நம்பிக்கை வேறு.

சரி, பிறகு எங்கே போடுவது? 55 வயது முடிந்து விருப்ப ஓய்வு பெற்றவர்கள் 60 வரை காத்திருக்காமலே அஞ்சலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேரலாம். ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் சேர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இந்தத் தேதியைத் தவறவிட்டு 60 வரை காத்திருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனது பொறுப்பதில்லை. உச்சவரம்பு 30 லட்சம். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதம் ஆனது. அந்த வட்டியில் 30 லட்சம் போட்டவருக்குக் காலாண்டுக்கு 61,500 ரூபாய் வரும். சேரும் நாளில் உள்ள வட்டி ஐந்து வருஷத்துக்கு மாறாது. 55க்குக் கீழே இருப்பவர்களுக்கு அஞ்சலக மாத வருமானத் திட்டம் இருக்கிறது. ஒருவர் பெயரில் 9 லட்சம், கூட்டுக் கணக்கில் 15 லட்சம் வரை போடலாம். வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு. அதனால் சிறிய வங்கிகளில் அதற்கு மேல் வைக்காதீர்கள்.

ஐந்து வருஷம் முடிந்து புதுப்பிக்கும்போது இதே வட்டி கிடைக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். நாங்கள் வெளியே வந்த 2001இல் நீண்டகால டெபாசிட்டுக்கு 10 சதவீதத்தை ஒட்டி வட்டி கிடைத்தது. 2004இல் அது ஐந்தரைக்கு வந்துவிட்டது. வட்டியை மட்டும் நம்பிக் குடும்பச் செலவைத் திட்டமிட்டவர்களின் மாத வருமானம் மூன்றே வருஷத்தில் கிட்டத்தட்ட பாதியானது. அதனால்தான் வரும் வட்டி முழுவதையும் செலவு செய்யாதீர்கள், கால் பங்கையாவது திரும்ப டெபாசிட்டில் போடுங்கள் என்கிறேன். பத்து வருஷத்துக்குத் தொடத் தேவையில்லாத பணம் இருந்தால், அதில் ஒரு பகுதி மியூச்சுவல் பண்டில் இருக்கலாம். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. மருத்துவக் காப்பீட்டை உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருஷம் வரை காத்திருப்புக் காலம் வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு.

இனி, பணத்தைத் தாண்டி ஒரு விஷயம். காலை பத்து மணிக்கு எங்கே போவது? இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. இருபத்தைந்து வருஷமாக அந்த நேரம் வீட்டம்மாவின் நேரம். வேலை முடித்து, கொஞ்சம் காலை நீட்டி, பேப்பர் பார்க்கிற நேரம். ஓய்வு பெற்று வந்தவர் அங்கே உட்கார்ந்துகொண்டு இரண்டாவது காபி கேட்பதும், அரிசி டப்பாவை ஏன் இங்கே வைத்தாய் என்று விசாரிப்பதும் வீட்டில் கசப்பை வளர்க்கும். ஒரு சின்ன வேலை தேடிக்கொள்ளுங்கள். கடைக்குக் கணக்கு எழுதலாம், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரலாம், தெரிந்த டெக்னிக்கல் வேலையைப் பகுதி நேரமாகச் செய்யலாம். மாதம் 8,000 ரூபாய் வந்தாலும் அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். 7 சதவீத வட்டியில் அந்த 8,000ஐப் பெற வேண்டுமானால் கிட்டத்தட்ட 13 லட்சத்து 70 ஆயிரம் டெபாசிட் வேண்டும். அறுபது வரை இப்படி ஓட்டினால் கருணைத் தொகையில் கை வைக்காமலே இருந்துவிடலாம்.

கடைசியாக, இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஓய்வூதியர்கள் இந்த வாரமே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. ஓய்வூதிய ஆணையை, அதாவது பி.பி.ஓ.வை, பீரோவில் இருந்து எடுங்கள். அதில் மனைவி அல்லது கணவரின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளது போலவே இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் மீனாட்சி என்றும் இன்னொன்றில் மீனாக்ஷி என்றும் இருந்தாலே குடும்ப ஓய்வூதியம் தாமதமாகலாம். நீங்கள் இருக்கும்போது இதைத் திருத்துவது எளிது. பிறகு என்றால், அவர்தான் தனியாக ஒவ்வொரு கவுண்டராக அலைய வேண்டியிருக்கும்.

வணக்கம்.