சனிக்கிழமைச் சம்பளம்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, என் அணித் தோழர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

‘பெருந்தொற்றுக் காலத்தில் தொழிலைக் காப்பாற்றியது வீட்டிலிருந்து பார்த்த வேலையா, கையிலிருந்த பணமா?’ இதுதான் இன்றைய தலைப்பு. கையிலிருந்த பணமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

நான் திருப்பூரில் கணக்கு எழுதுகிறவள். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு அல்ல. அவர்களிடம் வெட்டிய துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு. 2020 மார்ச் மாதம் அப்படி ஆறு யூனிட்டுகளின் கணக்கு என் கையில் இருந்தது. ஊரடங்கு வந்ததும் நானும் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்தேன். சமையலறை மேசையில் லேப்டாப், பக்கத்தில் பில் கட்டு. ஆகவே எதிரணி சொல்வதைக் கேள்விப்பட்டு மறுக்கவில்லை நடுவர் அவர்களே, அனுபவித்துவிட்டு மறுக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், "நாடே அடங்கிக் கிடந்தபோதும் ஐடி கம்பெனிகளில் வேலை நிற்கவில்லை, லேப்டாப் வீட்டுக்குப் போனது, வருமானம் தொடர்ந்தது" என்றார். டிசிஎஸ் நிறுவனத்தை எடுத்துக்காட்டினார். சரி, அதையே எடுத்துக்கொள்வோம். சுமார் நாலரை லட்சம் ஊழியர்கள். சில வாரங்களுக்குள் ஏறக்குறைய 90 சதவீதம் பேரை வீட்டிலிருந்து வேலை செய்ய வைத்தார்கள். பெரிய சாதனை, நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அத்தனை பேர் வீட்டுக்கும் கணினியும் இணைப்பும் பாதுகாப்பு ஏற்பாடும் போய்ச் சேர என்ன வேண்டும்? பணம் வேண்டும். அதே 2020 ஏப்ரலில் அந்த நிறுவனம் இன்னொன்றும் சொன்னது: சம்பள உயர்வு கிடையாது, ஆனால் ஆட்குறைப்பும் கிடையாது, கல்லூரிகளில் வேலை உறுதி கொடுத்த 40,000 பேரையும் எடுத்துக்கொள்வோம் என்றது. அந்த வாக்கைக் கொடுக்கும் தைரியம் லேப்டாப்பிலிருந்து வருமா? கடனை நம்பி நாளை ஓட்டாத கம்பெனிக்கு வரும் தைரியம் அது. 2025-க்குள் கால்வாசிப் பேர் மட்டும் அலுவலகம் வந்தால் போதும் என்று அறிவித்தவர்கள், 2023 அக்டோபரில் எல்லோரையும் வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னார்கள். வீட்டிலிருந்து வேலை என்ற ஏற்பாடு போய்விட்டது, கம்பெனி நிற்கிறது. அப்படியானால் தூண் எது?

இப்போது என் ஊருக்கு வாருங்கள்.

என் கணக்கில் இருந்த ஒரு யூனிட்டைச் சொல்கிறேன். 30 பேர் வேலை செய்த இடம். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்ற தையல் மிஷின்காரர்கள், செக்கிங், அயர்னிங் எல்லாம் சேர்த்து. திருப்பூரில் சம்பளம் மாதம் பிறந்தால் அல்ல, சனிக்கிழமை வந்தால். வாரச் சம்பளம் எண்பதாயிரத்தைத் தொடும். கட்டட வாடகை 25,000. மிஷின் வாங்கிய கடனுக்கு மாதத் தவணை 38,000. மார்ச் 24, செவ்வாய்க்கிழமை இரவு பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். மறுநாளிலிருந்து 21 நாள் ஊரடங்கு. அன்று அந்த யூனிட்டின் வங்கிக் கணக்கில் இருந்தது 62,000 ரூபாய்.

வெளியிலிருந்து வரவேண்டிய பாக்கி எவ்வளவு தெரியுமா? 11 லட்சம்.

ஒரு வாரம் கழித்து மார்ச் 31. எங்கள் தொழிலில் அது ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள். வீட்டில் உட்கார்ந்தே முடித்தேன். எதிரணி சொல்லும் தொழில்நுட்பம் எல்லாம் என் வீட்டிலும் ஒழுங்காக வேலை செய்தது. கணக்கை முடித்துப் பார்த்தால் லாபம், ஏறக்குறைய ஏழு லட்சம்! திரையில் லாபம் தெரிகிறது. வங்கியில் ஒரு வாரச் சம்பளத்துக்குக்கூட இல்லை. ஊரடங்குக்கு முன் வேலை செய்த திங்கள், செவ்வாய் இரண்டு நாள் கூலி 28-ஆம் தேதி சனிக்கிழமை கொடுக்க வேண்டியது. முதலாளியம்மா எனக்கு போன் செய்து, "கணக்குல லாபம்னு சொல்றியே கண்ணு, அந்த லாபம் எங்க இருக்குது?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அந்தக் கேள்விக்கான பதில்தான் என் உரை முழுவதும்.

லாபம் எங்களுக்குப் பாக்கி வைத்திருந்த பார்ட்டிகளின் கையில் இருந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகள் மூடின. அங்கிருந்து சரக்கு வாங்கும் பையர்கள் ஆர்டரை ரத்து செய்தார்கள், அல்லது நிறுத்தி வைத்தார்கள். அவர்கள் தரவில்லை என்று எக்ஸ்போர்ட்டர் நிறுத்தினார். எக்ஸ்போர்ட்டர் தரவில்லை என்று சாயப்பட்டறைக்கும் துணி பின்னும் நிட்டிங்குக்கும் எங்களுக்கும் நின்றது. ஏப்ரல் 1-ஆம் தேதி ரிசர்வ் வங்கி, ஏற்றுமதிப் பணத்தை நாட்டுக்குள் கொண்டுவரும் கெடுவை 9 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டியது. எக்ஸ்போர்ட்டருக்கு அது தேவையான சலுகைதான், தவறு சொல்லவில்லை. ஆனால் 15 மாதம் காத்திருக்கலாம் என்பது மேலே ஒருவருக்கு மூச்சு விட நேரம்; கீழே ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருப்பவருக்கு 15 மாதத்தில் எத்தனை சனிக்கிழமை வரும்?

வரியும் பணம் வந்ததா என்று கேட்பதில்லை. ஜிஎஸ்டியில் பில் போட்டால் வரிப் பொறுப்பு வந்துவிடும். ரிட்டன் தாக்கல் செய்யக் கெடு நீட்டினார்கள், சிறியவர்களுக்கு உதவியாக இருந்தது. ஆனால் வராத பணத்துக்கு வரி கட்ட வேண்டியிருந்தது என்பது மாறவில்லை.

நடுவர் அவர்களே, அமெரிக்காவில் ஜேபி மார்கன் சேஸ் வங்கியின் ஆய்வு நிறுவனம் 2016-இல் சிறு தொழில்களின் வங்கிக் கணக்குகளை ஆராய்ந்தது. வரவு அடியோடு நின்றுபோனால் எத்தனை நாள் தாங்குவார்கள் என்று பார்த்தது. நடுத்தரமான ஒரு சிறுதொழிலின் கையிருப்பு 27 நாள் செலவுக்குத்தான் வந்தது. பணக்கார நாட்டில் 27 நாள். நம் நாட்டில் முதல் ஊரடங்கே 21 நாள். அப்புறம் மே 3 என்றார்கள், மே 17 என்றார்கள், மே 31 என்றார்கள். மொத்தம் 68 நாள். 27-க்கும் 68-க்கும் நடுவில் இருக்கும் அந்த 41 நாளை எந்த வீடியோ அழைப்பு நிரப்பும்?

ஜூம் செயலியின் கூட்டங்களில் 2019 டிசம்பரில் ஆட்கள் கலந்துகொண்டது ஒரு நாளைக்கு ஒரு கோடி முறை. 2020 ஏப்ரலில் அது 30 கோடி. எதிரணிக்கு இது பிடித்த கணக்கு. அதே ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நம் நாட்டின் மொத்த உற்பத்தி முதல் மதிப்பீட்டின்படி 23.9 சதவீதம் சரிந்தது. தொழிற்சாலை உற்பத்தி மட்டும் 39.3 சதவீதம். தைப்பதையும் சாயம் போடுவதையும் இரும்பு வார்ப்பதையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்பதுதான் அந்த எண்.

எதிரணி அக்கா எழுந்து, "அரசு கடன் கொடுத்ததே, தவணையைத் தள்ளி வைத்ததே" என்று கேட்கலாம். கேளுங்கள் அக்கா, அதுவும் என் பக்கத்து வாதம்தான். மார்ச் 27-ஆம் தேதி ரிசர்வ் வங்கி மூன்று மாதத் தவணையைத் தள்ளிப்போட வழி செய்தது, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. தொழில் மூச்சுத் திணறியபோது ரிசர்வ் வங்கி கை வைத்த இடம் எது? பணப்புழக்கம். ஆனால் தவணைதான் நின்றது. வட்டி நடந்துகொண்டே இருந்தது. 10 லட்சம் கடனுக்கு 12 சதவீத வட்டி என்றால் ஆறு மாதத்தில் 60,000 ரூபாய் கூடிவிடும். வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2021 மார்ச்சில். வட்டியே வேண்டாம் என்று அதுவும் சொல்லவில்லை.

மே மாதம் மூன்று லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் வந்தது. 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் கூடுதலாகத் தருவார்கள், சொத்து அடமானம் கேட்க மாட்டார்கள், அரசு முழு உத்தரவாதம். இதில் பிழைத்த யூனிட்டுகள் உண்டு, என் கணக்கிலேயே இரண்டு. ஆனால் வங்கிப் பக்கமே போகாமல், சீட்டு எடுத்தும் கைமாற்று வாங்கியும் தொழில் நடத்தியவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர்! அவர்களுக்கு 20 சதவீதம் என்றால் பூஜ்யத்தில் 20 சதவீதம். கடன் வாங்காமல் மானத்தோடு நடத்தினோம் என்று இருந்தவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை.

இன்னொரு வீட்டைச் சொல்ல வேண்டும். அதுவும் என் கணக்கில் இருந்த யூனிட்தான். கீழே 14 மிஷின், மாடியில் குடித்தனம். அந்த முதலாளியின் மகளுக்குப் பெங்களூரில் ஐடி வேலை; ஊரடங்குக்கு இரண்டு நாள் முன்பு ஊருக்கு வந்துவிட்டாள். மாடியில் அவள் லேப்டாப் காலை ஒன்பது மணியிலிருந்து ஓடுகிறது. கீழே மிஷின்கள் துணி போர்த்திக் கிடக்கின்றன. ஏப்ரல் மாதத் தவணை போனது அவள் சம்பளத்தில். பார்த்தீர்களா, வீட்டிலிருந்து வேலைதான் அந்த யூனிட்டைக் காப்பாற்றியது என்று எதிரணி சொல்லும். கொஞ்சம் பொறுங்கள். அப்பா மகளைவிடக் குறைவாக உழைத்தவரா? கெட்டிக்காரத்தனம் குறைந்தவரா? மகளின் கம்பெனிக்கு வாடிக்கையாளர்கள் ஒப்பந்தப்படி பணம் அனுப்பினார்கள், அதனால் அவளுக்கு மாதக் கடைசியில் சம்பளம் விழுந்தது. அப்பாவுக்கு டிசம்பரில் தைத்துக் கொடுத்த சரக்கின் பணம் ஏப்ரலில்கூட வரவில்லை. ஒரே வீடு, ஒரே வைஃபை. மாடிக்குப் பணம் வந்தது, கீழே வரவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த நாட்டில் அதற்குச் சட்டம் இருக்கிறது நடுவர் அவர்களே. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற வட்டியைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதம்தோறும் கூட்டு வட்டி. புகார் கொடுக்க இணையத்தளமும் உண்டு. என் முதலாளிகள் ஒருவர்கூடப் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம். நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லியும் பார்த்தேன். "வேண்டாங்க, அவங்க மூஞ்சியில முழிக்கணுமே" என்றார்கள்.

பெருந்தொற்று முடிந்த பிறகு சட்டம் எந்தப் பக்கம் திரும்பியது என்று பாருங்கள். வருமான வரிச் சட்டத்தில் புதிதாக ஒரு பிரிவு சேர்த்தார்கள். 2023-24 கணக்காண்டிலிருந்து, குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் பணம் தராதவர், அந்தச் செலவைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் தன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள முடியும். பணம் சரியான நேரத்தில் போய்ச் சேர்வது தொழிலின் உயிர் என்று அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் நான் இதைப் படிக்கிறேன். அந்த ஆண்டு மார்ச் மாதம் என் முதலாளிகளுக்குப் பழைய பாக்கிகள் கேட்காமலே வரத் தொடங்கின. எத்தனை வருடம் தாமதமாக வந்த சட்டம்!

சரி, அந்த 30 பேர் யூனிட்டுக்கு என்ன ஆயிற்று?

62,000-இலிருந்து முதலாளியம்மா முதலில் இரண்டு நாள் கூலியைக் கொடுத்தார். மிச்சம் முப்பத்தைந்தாயிரம் சொச்சம். ஒடிசாவிலிருந்து வந்திருந்த ஒன்பது பேருக்கு அரிசியும் பருப்பும் வாங்கினார். ஏப்ரல் இரண்டாவது வாரம், கையில் ஏறக்குறைய ஒன்றும் இல்லாதபோது, உள்ளூரில் துணி வாங்கி விற்கும் ஒரு சிறு வியாபாரி அவராகவே போன் செய்தார். "உங்க பாக்கி ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் இருக்குதுங்கக்கா. எனக்கும் கடை மூடித்தான் கெடக்குது. ஆனா இது உங்க காசு, போட்டு விடறேன்" என்றார். மறுநாள் வந்துவிட்டது. அந்த 2,10,000 ரூபாயில்தான் ஆட்களுக்கு முன்பணம் போனது, மிஷின் கடன் ஒரு தவணை போனது. மே மாதம் தளர்வு வந்தபோது ஆட்கள் ஊரைவிட்டுப் போகாமல் இருந்தார்கள், மிஷின் இருந்தது, முகக்கவச ஆர்டர் கிடைத்ததும் மூன்றே நாளில் ஓட்ட முடிந்தது. மாடியும் மிஷினுமாக இருந்த அந்த வீட்டில் ஆகஸ்டில் 14 மிஷினையும் விற்றுவிட்டார்கள். அவருக்கு வரவேண்டிய நான்கரை லட்சத்தில் பாதி, மிஷின் போன பிறகு வந்தது.

எதிரணித் தலைவருக்கு நான் வைக்கும் கேள்வி ஒன்றுதான். அண்ணா, 2020 ஏப்ரல் 18, சனிக்கிழமை. அந்த ஒன்பது பேரும் யூனிட் வாசலில் நிற்கிறார்கள், தள்ளித் தள்ளி நிற்கிறார்கள். அந்த வியாபாரியின் பணம் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் என் சமையலறையிலிருந்து லேப்டாப்பைத் திறந்து வைத்திருக்கிறேன், இணைப்பு நன்றாக இருக்கிறது. அவர்களுக்கு நான் அதிலிருந்து என்ன எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும்? உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.