அழுகை வரும், நீங்க பேசிக்கிட்டே இருங்க

எல்லாருக்கும் வணக்கம். முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன், பேசிட்டிருக்கும்போது நடுவுல எனக்கு கண்ணு கலங்கும், உடனே அதுதான் பேச்சுலயே உருக்கமான இடம்னு நெனச்சிடாதீங்க, போன தடவ ஒரு கூட்டத்துல மைக் வேலை செய்யுதான்னு பாக்கறப்பவே கலங்கிடுச்சு.

சின்ன வயசுல அழுமூஞ்சி, அழுகுணி, தொட்டாச்சிணுங்கின்னு எல்லா பேரும் வச்சு பாத்துட்டாங்க. வளந்தப்புறம் பேரு வைக்கறத விட்டுட்டு பழமொழி சொல்ல ஆரம்பிச்சாங்க, சிரிக்கிற பொம்பளையையும் அழுகிற ஆம்பளையையும் நம்பாதேன்னு. ரெண்டு பேரையும் ஒரே வரியில காலி பண்ற பழமொழி, யோசிச்சு பாருங்க. யாரோ ஒரு தெரியாத பிள்ளை ஓட்டப்பந்தயத்துல கடைசியா வந்து சேந்து கைதட்டல் வாங்கினா எனக்கு தாரை தாரையா ஊத்தும், ஆனா ரொம்ப நெருங்கின ஒருத்தர் இறந்தப்ப ஒரு சொட்டு வரல, அன்னிக்கு என்னை எப்படி பாத்தாங்கன்னு கேக்காதீங்க. அப்பதான் எனக்கே புரிஞ்சுது, கண்ணீர வச்சு துக்கத்த அளக்க முடியாது.

உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பாத்துடுவோம். கண்ணீர் மூணு வகை. கண்ணு காயாம இருக்க எப்பவும் ஊறிக்கிட்டே இருக்கறது ஒண்ணு, வெங்காயம், தூசின்னா வர்றது இன்னொண்ணு, மனசு அசைஞ்சா வர்றது மூணாவது. இந்த மூணாவதுக்கு மூளையிலருந்து முகநரம்பு வழியா கண்ணுக்கு மேல இருக்கற சுரப்பிக்கு ஆர்டர் போகுது, வியர்க்கிற மாதிரிதான், நம்மள கேட்டுக்கிட்டு வராது. வழியற தண்ணில கொஞ்சம் உள்பக்கமா மூக்குக்கு இறங்குது, அதான் அழுதா மூக்கும் சேந்து ஒழுகுது. தொண்டையில ஏதோ அடைக்கற மாதிரி இருக்கே, அது நெறைய காத்து வேணும்னு உடம்பு குரல்வளைய தொறந்து வைக்கப் பாக்குது, நாம எச்சில் முழுங்கினா அது மூடித்தான் ஆகணும், அந்த இழுபறிதான். பொறந்த குழந்தை வீடே அதிர கத்தும், ஆனா முதல் சில வாரம் கண்ணுல தண்ணி பெருசா வராது. கத்தறது வேற, கண்ணீர் வேற.

அமெரிக்காவுல வில்லியம் ஃப்ரேன்னு ஒருத்தர் 1980கள்ல கணக்கெடுத்தாரு, பெண்கள் சராசரியா மாசத்துக்கு 5 தடவைக்கு மேல அழறாங்க, ஆண்கள் 1 தடவைக்கு கொஞ்சம் மேலன்னு. அந்த கணக்குப்படி பாத்தா என் வருஷ கோட்டா பிப்ரவரிக்குள்ள முடிஞ்சிடுது.

சரி, இதுல எனக்கு என்ன கஷ்டம்? அழறது கஷ்டமே இல்ல. கோவத்துல அழறேன் பாருங்க, அதுதான். ஒரு தடவ வேலை பாத்த இடத்துல, யாரோ பண்ண தப்ப என் தலையில கட்டினாங்க, நான் எல்லா மெயிலையும் பிரிண்ட் எடுத்துட்டு போயி தேதி வாரியா காட்டிக்கிட்டு இருந்தேன், மூணாவது பேப்பர் வரும்போது குரல் உடைஞ்சு கண்ணு ரொம்பிடுச்சு. அவ்வளவுதான், ஒருத்தர் டிஷ்யூ நீட்டறாரு, ஒருத்தர் தண்ணி குடிங்கன்றாரு, மேனேஜர் ரொம்ப அன்பா "டென்ஷன் ஆகாதீங்க, நாளைக்கு பேசிக்கலாம்"னாரு. அந்த நாளைக்கு வரவே இல்ல. நாலாவது பேப்பர்லதான் விஷயமே இருந்துச்சு! பின்னாடி காதுக்கு வந்தது, நீலிக்கண்ணீர் வடிச்சு தப்பிச்சுட்டான்னு. தப்பிச்சேனாம், பழி இன்னும் என் பேர்லதான் இருக்கு.

அழுதா மனசு லேசாகிடும்னு சொல்றாங்களே, உடனே ஆகாதுங்க. நெதர்லாந்துல ஆட் விங்கர்ஹூட்ஸ்னு அழுகைய பத்தியே ஆராய்ச்சி பண்றவரு, அவரு குழு சோகப்படம் போட்டு காட்டி பாத்தாங்க, அழுதவங்களுக்கு அழுத உடனே மனசு இன்னும் மோசமாத்தான் இருந்துச்சு, ஒன்றரை மணி நேரம் கழிச்சுதான் முன்ன இருந்தத விட தேவலாம்னு ஆச்சு. என் அனுபவத்துல, பக்கத்துல இருக்கறவங்க எப்படி நடந்துக்கறாங்கன்றதுதான் பாதி. (திடீர்னு காரணமே இல்லாம, மனசுல வருத்தமும் இல்லாம அழுகை பொத்துக்கிட்டு வந்தா டாக்டர பாருங்க, பக்கவாதத்துக்கு அப்புறம் சிலருக்கு அப்படி வரும். நான் அந்த கேஸ் இல்ல.)

மேல பாக்கறது, கைய கிள்ளிக்கறதுன்னு எல்லாம் பண்ணி பாத்துட்டேன், ஒரு நிமிஷம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். இப்ப முதல்லயே சொல்லிடறேன், "எனக்கு கண்ணுல தண்ணி வரும், கண்டுக்காதீங்க, பேச்ச நிறுத்தாதீங்க"ன்னு. ஒரே ஒரு தோழி மட்டும் இத அப்படியே செய்வா. நான் தேம்பிக்கிட்டே சண்டை போடுவேன், அவ துண்ட தூக்கி மடியில போட்டுட்டு "ம், அப்புறம்? ரெண்டாவது பாயிண்ட் தப்பு"ன்னு பதிலுக்கு சண்டை போடுவா. அவ கிட்டதான் நான் நெறைய தோத்திருக்கேன், ஒரு தடவ கூட அவமானமா இருந்ததில்ல.

கேள்வி இருந்தா கேளுங்க. அந்த கடைசி வரிசையில இருக்கறவரே, டிஷ்யூ வேணாம், உக்காருங்க, கேள்விய மட்டும் சொல்லுங்க.