பதினெட்டு வயதுப் பையன்களும் ஒரு பழைய நோட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

உங்களுக்குப் பிடித்த எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள் என்று சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். ஃபூட்டி என்றேன். ஓ, செப்டம்பர் கடைசியில் நடக்குமே, அந்த கிராண்ட் ஃபைனல்தானே என்றார்கள். இல்லைங்க, அது முடிந்த பிறகு நவம்பர் வரைக்கும் ரசிகர்கள் உட்கார்ந்து பேசுவார்களே, அந்தப் பேச்சைப் பற்றி என்றேன். ஆட்டமே இல்லாத நேரத்தில் என்ன பேச்சு என்று கேட்டார்கள். அதுதான் விஷயம். ஆட்டம் இல்லாதபோதுதான் பேச்சு சூடு பிடிக்கும்.

மெல்பர்ன்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், புதிதாகக் கேட்பவர்களுக்காக ஒரு நிமிடம். ஃபூட்டி என்றால் ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பால். அதன் பெரிய லீக்கில், அதாவது ஏஎஃப்எல்லில், 18 கிளப்புகள். ஆண்டுதோறும் நவம்பர் கடைசி வாக்கில் டிராஃப்ட் நடக்கும். அந்த வருஷம் பதினெட்டு வயது நிரம்பும் பையன்களை கிளப்புகள் வரிசையாகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். ஏலம் கிடையாது. யார் முதலில் எடுப்பது? கடைசி இடத்தில் முடித்தவர்கள். கோப்பையை ஜெயித்தவர்கள் பதினெட்டாவதாக வருவார்கள். நம் ஊர்ப் பந்தியில் தோற்றவனுக்கு முதல் இலை போட்டு, ஜெயித்தவனைக் கை கழுவும் இடத்தில் நிற்க வைத்தது போல. 1986-இலிருந்து இப்படித்தான். பையனுக்கு இதில் பேச்சே கிடையாது. பெர்த்தில் அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், பெயர் படிக்கப்பட்ட நொடியில் மெல்பர்ன்காரன் ஆகிவிடுவான். சில பேர் இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு ஊருக்கே திரும்பிப் போய்விடுவார்கள். அதையும் ரசிகர்கள் முன்கூட்டியே கணக்குப் போடுவார்கள். 'கோ ஹோம் ஃபேக்டர்' என்று அதற்கு ஒரு பெயரே இருக்கிறது.

சரி, கணக்குப் போடுவது எப்படி? அக்டோபரில் கிளப்புகள் ஆட்களையும் பிக்குகளையும், அதாவது டிராஃப்டில் ஆள் எடுக்கும் முறைகளையும், மாற்றிக்கொள்ளும். அது முடிந்ததும் 'ஃபேன்டம் டிராஃப்ட்' வரத் தொடங்கும். யார் யாரை எடுப்பார்கள் என்று பத்திரிகைக்காரர்கள் ஊகித்துப் போடும் பட்டியல். ஃபேன்டம் என்றால் ஆவி. இருப்பது போலத் தெரியும், தொட்டால் இருக்காது. பொருத்தமான பெயர். அதைப் பார்த்து ரசிகர்கள் ஆளாளுக்குத் தங்கள் ஆவியை எழுப்புவார்கள். இருபது மீட்டரை மூன்று நொடிக்குள் ஓடினானாம். இரண்டு கிலோமீட்டரை ஆறு நிமிஷத்தில் முடித்தானாம். அப்பா உயரம், அம்மா உயரம், இன்னும் வளருவானா. எல்லாம் விசாரிப்பார்கள். இரண்டு நிமிட வீடியோ ஒன்று சுற்றி வரும். அதில் பையன் தொட்டதெல்லாம் கோல். கல்யாணத்துக்கு அனுப்பும் போட்டோவில் யாராவது முகம் சுளித்திருப்பார்களா? அந்த மாதிரிதான். அதைப் பார்த்துவிட்டு, நமக்கு மிட்ஃபீல்டர் வேண்டாம், உயரமான ஃபார்வர்டுதான் வேண்டும், இவனைத்தான் எடுக்கணும் என்று ஐம்பது வயது ஆள் மேஜையைத் தட்டுவார். தட்டியிருக்கிறேன். என் வயதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி என் பக்கத்து வீட்டுக்காரர் கதை. இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போகிறேன், மன்னிக்கவும்.

நான் மெல்பர்னுக்கு வந்தது 2007 ஆகஸ்டில். வாடகைக்குப் பிடித்த வீட்டின் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். முதல் நாளே வேலிமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட்டார், "உனக்கு எந்த டீம்?" எனக்கு எந்த டீமும் இல்லை. "அப்படியானால் ரிச்மண்ட்" என்றார். சரி என்றேன். அந்தச் 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று அப்போது தெரியாது. ரிச்மண்ட் அந்த வருஷம் மூன்றே ஆட்டம் ஜெயித்தது, ஒன்று டிரா. அப்போதிருந்த 16 டீமில் பதினாறாவது. மரக்கரண்டி என்பார்கள் கடைசி இடத்தை. நான் வந்த அன்றைக்கே அதைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

கடைசி இடம் என்றால் முதல் இலை என்று சற்று முன் சொன்னேன் இல்லையா? அந்த வருஷம் அதுவும் இல்லை. ரொம்பவும் மோசமாக ஆடும் கிளப்புக்குக் கூடுதலாக ஒரு பிக் கொடுக்கும் விதி அப்போது இருந்தது. தொடர்ந்து இரண்டு வருஷம் மோசமாக இருந்தால், அந்தக் கூடுதல் பிக் வரிசையின் தலையிலேயே வந்து உட்காரும். கார்ல்டன் முந்தின வருஷமும் மோசம், இந்த வருஷமும் மோசம். முதல் பிக் அவர்களுக்குப் போயிற்று. மேத்யூ கிரூசர் என்ற ரக்மேனை எடுத்தார்கள். ரக்மேன் என்றால் நடுவர் மேலே எறியும் பந்தை எகிறித் தட்டும் நெட்டை மனிதர். பெரியவர் அதற்கு ஒரு மாதம் துக்கம் காத்தார். "கடைசியாக வந்தும் முதலில் எடுக்க முடியவில்லை பார், இதுதான் ரிச்மண்ட்" என்பார். இரண்டாவது பிக்கில் எங்களுக்குக் கிடைத்தது டிரென்ட் காட்சின் என்ற மிட்ஃபீல்டர். பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவார்.

அந்த நவம்பரில்தான் அவர் சமையலறை டிராயரைத் திறந்து நோட்டைக் காட்டினார். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் கோடு போட்ட நோட்டு. அட்டையில் காப்பிக் கோப்பை வைத்த வட்டம். பக்கத்துக்கு ஒரு வருஷம். இடது பக்கம் அவருடைய ஊகம், முதல் பத்து பெயர்கள். வலது பக்கம் உண்மையில் நடந்தது. எல்லாம் பேனாவில். ஏன் பென்சிலில் எழுதவில்லை என்று கேட்டேன். "பென்சிலில் எழுதினால் மனிதன் அழிப்பான்" என்றார்.

அவர் நோட்டைக் காட்டுவதற்கு முன்பே ரிச்மண்ட் ரசிகர்களின் தலையாய சோகத்தை அலுவலகத்தில் எனக்குப் பாடமாகச் சொல்லித் தந்துவிட்டார்கள். 2004 டிராஃப்ட். அந்த வருஷமும் ரிச்மண்ட் கடைசி. ஒன்றாவது பிக்கும் நான்காவது பிக்கும் கையில். ஒன்றில் பிரெட் டெலிடியோவை எடுத்தார்கள், நல்லது. நான்கில் நார்தர்ன் டெரிட்டரியிலிருந்து வந்த ரிச்சர்ட் டாம்ப்ளிங். அடுத்த பிக், ஐந்தாவது, ஹாதார்னுக்கு. அவர்கள் எடுத்தது லான்ஸ் ஃபிராங்க்ளின். எல்லாருக்கும் 'பட்டி'. 2008-இல் ஹாதார்னுக்குக் கோப்பை, ஒரே பருவத்தில் நூறு கோலுக்கு மேல். அப்புறம் சிட்னிக்குப் போய் 2022 மார்ச்சில் ஆயிரமாவது கோலை அடித்தபோது கூட்டம் மொத்தமும் மைதானத்துக்குள் ஓடியது. ஓய்வு பெறும்போது கணக்கு 1,066. ஒரே ஒரு இடம் தள்ளி!

இதை அலுவலகத்தில் சொல்லச் சொல்ல எனக்கும் தொற்றிக்கொண்டது. 2008-இல் எம்சிஜி மைதானத்தில் உட்கார்ந்து, டாம்ப்ளிங் ஒரு பந்தை நழுவவிட்டதும், "பட்டியை எடுத்திருக்கணும்!" என்று நானும் கத்தினேன். 2004-இல் நான் கோயம்புத்தூரில் இருந்தேன். ஃபூட்டி என்று ஒரு ஆட்டம் இருப்பதே எனக்குத் தெரியாது. ஆனாலும் கத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் டிராயரைத் திறந்து 2004 பக்கத்தை எடுத்து மேஜையில் வைத்தார். இடது பக்கம், நான்காவது வரி, பேனாவில்: டாம்ப்ளிங். பக்கத்தில் சின்னதாக, 'வேகம்'. பட்டி பெயர் எங்கே என்று தேடினேன். ஏழாவது வரியில் இருந்தது.

"இந்தத் தெருவில் ரிச்மண்ட்காரர்கள் ஆறு பேர். ஆறு பேரும் அன்றைக்கே பட்டியைத்தான் எடுக்கச் சொன்னோம் என்று இன்றைக்குச் சொல்கிறார்கள். நோட்டு வைத்திருப்பது நான் ஒருத்தன்தான்" என்றார்.

நேயர்களே, அந்த டாம்ப்ளிங் பையனுக்கு அப்போது இருபத்தொரு வயது. அவன் தன்னைத் தானே எடுத்துக்கொள்ளவில்லை. யாரோ ஒரு மேஜையில் உட்கார்ந்து பெயரைச் சொன்னார்கள், அவன் வீட்டை விட்டுப் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து ஆடினான். லீக்கில் நூறு ஆட்டத்துக்கு மேல் ஆடியவன். வாரந்தோறும் ஆடும் ஆளாக ஆவதே எத்தனை பேருக்கு வாய்க்கிறது? ஆனால் அவன் பந்தைத் தொடும்போதெல்லாம் இன்னொருவன் பெயரைச் சொல்லிக் கத்தினோம். கத்தினேன். திரும்பவும் சொல்கிறேன், நான் கோயம்புத்தூரில் இருந்தேன்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஹாதார்ன் அந்த ஒரே டிராஃப்டில் எடுத்தது பட்டியை மட்டுமா? இரண்டாவதாக ஜேரட் ரஃப்ஹெட், ஏழாவதாக ஜோர்டன் லூயிஸ். மூன்று பேரும் ஒன்றாக வளர்ந்தார்கள். அதற்கு முன்பே, 2001-இல் எடுத்த லூக் ஹாட்ஜும் சாம் மிட்செலும் வழிகாட்ட இருந்தார்கள். பட்டி ரிச்மண்டுக்கு வந்திருந்தால் இதே பட்டியாக ஆகியிருப்பாரா? எனக்குச் சந்தேகம். அலுவலகத்தில் இதைச் சொன்னால் அடிக்க வருகிறார்கள். ஊகப் பட்டியலில் பையன் பெயர் மட்டும்தான் இருக்கிறது; அவனைச் சுற்றி யார் இருக்கப் போகிறார்கள் என்பதற்கு அதில் கட்டமே இல்லை.

2001 என்றேன், சாம் மிட்செல் என்றேன். அவர் 36-ஆவது பிக். ஹாட்ஜ் முதல் பிக், வேறு கிளப்புக்குப் போன கிறிஸ் ஜட் மூன்றாவது. ஹாட்ஜா ஜட்டா என்று ஹாதார்ன் ரசிகர்கள் வருஷக்கணக்காகச் சண்டை போட்டார்கள். அதே டிராஃப்டில் கேரி ஆப்லெட் ஜூனியர் 40, டேன் ஸ்வான் 58. ஹாட்ஜைத் தவிர மற்ற நான்கு பேரும் பின்னாளில் பிரவுன்லோ மெடல், அதாவது பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் மெடல், வாங்கினார்கள். 58-ஆவது பெயர் வரும்போது வீட்டில் டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போயிருப்போம்.

2009-ஐச் சொல்லாமல் விடமுடியாது. மெல்பர்ன் கிளப்புக்கு ஒன்றும் இரண்டும் கிடைத்தன: டாம் ஸ்கல்லி, ஜாக் டிரெங்கோவ். அந்த இரண்டு பிக்குக்காக வேண்டுமென்றே தோற்றார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. லீக் விசாரித்தது. தோற்கச் சதி செய்தார்கள் என்று முடிவாகவில்லை, ஆனாலும் 2013-இல் 5 லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள். ஸ்கல்லி இரண்டே பருவத்தில் புதிய சிட்னி கிளப்புக்குப் போய்விட்டார். டிரெங்கோவை இருபது வயதில் இணைக் கேப்டன் ஆக்கினார்கள், பாவம், பாதத்தில் காயம். 2021-இல் மெல்பர்ன் 57 வருஷம் கழித்துக் கோப்பை ஜெயித்தபோது கேப்டன் யார் தெரியுமா? மேக்ஸ் கான். அதே 2009 டிராஃப்டில் 34-ஆவது பிக். அந்த இரண்டு பேரையும் பற்றி எழுதிய எழுத்தில் நூறில் ஒரு பங்குகூட இவரைப் பற்றி யாரும் எழுதவில்லை.

அந்த டிராஃப்டில் மூன்றாவது பிக் எங்களுக்கு. டஸ்டின் மார்ட்டின். பெரியவர் நோட்டில் அது சரியாக இருந்தது. பேனாவால் அடிக்கோடு இட்டிருக்கிறார், நோட்டு முழுவதிலும் அந்த ஒரே ஒரு அடிக்கோடுதான். 2017 கிராண்ட் ஃபைனலில், 37 வருஷத்துக்குப் பிறகு ரிச்மண்ட் ஜெயித்தபோது சிறந்த ஆட்டக்காரர் மெடல் மார்ட்டினுக்கு. கோப்பையைத் தூக்கிய கேப்டன் டிரென்ட் காட்சின். ரக்மேன் கிடைக்கவில்லை என்று துக்கம் காத்தோமே, அந்த இரண்டாவது பிக். கிரூசர் கார்ல்டனில் காயத்தோடேயே காலம் தள்ளினார். அன்று ராத்திரி பெரியவர் இரண்டு பீர் பாட்டிலும் நோட்டுமாக வேலியைச் சுற்றி வந்தார். 2007 பக்கத்தை விரித்தார். காட்சின் பெயருக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்தில்: 'ரக்மேன் இல்லை. என்ன செய்வது.'

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷமாம். ஃபாதர்-சன் விதியைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசத் தயார் செய்து வந்தேன், வேகமாகச் சொல்கிறேன். அப்பா ஒரு கிளப்புக்கு நூறு ஆட்டம் ஆடியிருந்தால் மகனை அந்த கிளப் முன்னுரிமையாக எடுக்கலாம். ஆனால் வேறு கிளப் ஒன்று நடுவில் பையன் பெயரைச் சொன்னால், அதற்கு ஈடாக அப்பாவின் கிளப் தன் பிக்குகளிலிருந்து பாயின்ட்டுகளைக் கொடுக்க வேண்டும். முதல் பிக்குக்கு 3,000 பாயின்ட், கீழே போகப் போகக் குறையும். 2021-இல் நான்காவது பிக்கில் கோல்ட் கோஸ்ட் நிக் டேகாஸ் பெயரைச் சொன்னது, கொலிங்வுட் உடனே பாயின்ட்டைக் கொடுத்து எடுத்துக்கொண்டது. அப்பா பீட்டர் டேகாஸ் கொலிங்வுட்டுக்கு 250 ஆட்டம். இந்தக் கூட்டல் கழித்தலில் ரசிகர்கள் வட்டிக்கடைக்காரரைத் தோற்கடிப்பார்கள். 2028-இல் டாஸ்மேனியா பத்தொன்பதாவது டீமாக வரவேண்டும், அவர்களுக்கு நிறைய பிக் தருவார்கள், அதனால் எல்லாருடைய வரிசையும் தள்ளிப்போகும். அதற்கு ஒரு கணக்கு தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பேச நேரமில்லை.

2024-ஐ மட்டும் சொல்லிவிடுகிறேன். ரிச்மண்ட் திரும்பவும் கடைசி, இரண்டே வெற்றி. சாம் லேலர் என்ற பையனை முதல் பிக்கில் எடுத்தோம், கூடவே ஒரு பட்டாளத்தையே எடுத்தோம். பெரியவருக்கு இப்போது கை நடுங்குகிறது. அவர் சொல்லச் சொல்ல இடது பக்கத்தை நான்தான் எழுதினேன். ஐந்தாவது வரியில் எனக்குப் பிடித்த பையன் பெயரை நைசாக நுழைத்துவிட்டேன். கண்டுபிடித்துவிட்டார். "அடிக்காதே, இருக்கட்டும்" என்றார், "பக்கத்தில் உன் கையெழுத்தைப் போடு."

போட்டேன். தப்பாகப் போயிற்று. சரி, ஒரு விரல்கூட இல்லை இப்போது, கையையே ஆட்டுகிறார்கள். வணக்கம்.