வயது ஏற ஏற அறிவு வளர்கிறதா, தேய்கிறதா? – 'வளர்கிறது' அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும் எதிரணி நண்பர்களுக்கும் அவையில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், எந்த வயதில் அறிவுத்திறன் தேர்வில் எவ்வளவு மதிப்பெண் என்று காட்டும் ஒரு வரைபடத்தை விவரித்தார். இருபத்தைந்து வயதில் உச்சி, அதற்கப்புறம் ஒரே இறக்கம். 'தேர்வு வைத்தே பார்த்துவிட்டார்கள், மதிப்பெண் பொய் சொல்லாது' என்றார். பலத்த கைத்தட்டலும் கிடைத்தது. மதிப்பெண் பொய் சொல்லாதுதான் ஐயா. ஆனால் யாரை, யாரோடு ஒப்பிட்டு, எதை அளந்தார்கள் என்று கேட்க வேண்டாமா?

அந்த அறிவுத்திறன் தேர்வு பிறந்த கதையைப் பாருங்கள். 1905-இல் பாரிசில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் அதை உருவாக்கினார்கள். பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளில் யாருக்குத் தனிக் கவனம் தேவை என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். அப்புறம் 1912-இல் வில்லியம் ஸ்டெர்ன், குழந்தையின் மன வயதை, அதாவது எந்த வயதுப் பிள்ளைகளின் அளவுக்கு அது விடை சொல்கிறதோ அந்த வயதை, உண்மையான வயதால் வகுக்கச் சொன்னார். 1916-இல் லூயிஸ் டெர்மன் அதை நூறால் பெருக்கி ஐக்யூ, அதாவது அறிவுத்திறன் ஈவு, என்று பரப்பினார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் செய்வதைப் பத்து வயதுப் பிள்ளை செய்தால் 120. குழந்தைக்கு இந்தக் கணக்கு சரி. ஆனால் மன வயது பதினாறை ஒட்டி நின்றுவிடும் என்று வைத்துக்கொண்டு, முப்பத்திரண்டு வயதுக்காரருக்கு இதே வகுத்தலைப் போட்டால் ஐம்பதுதான் வரும். ஒரு விடைகூட மாறாமலே அறிவு பாதியாகிவிடும்! அதனால்தான் பெரியவர்களுக்கு வகுக்கும் வயதை அப்போதே பதினாறோடு நிறுத்தினார்கள். டேவிட் வெக்ஸ்லர் 1939-இல் பெரியவர்களுக்கென்று தேர்வு அமைத்தபோது வகுத்தலையே கைவிட்டார். ஒவ்வொருவரையும் அவரவர் வயதுக்காரர்களோடு ஒப்பிட்டார். அந்த வயதின் சராசரிக்கு 100 கொடுத்தார்.

'அப்படியானால் எழுபது வயதுக்காரர் குறைவாக விடை எழுதினாலும் 100 வாங்கலாமே, அது சலுகைதானே' என்று எதிரணியில் கேட்டார்கள். நேர்மையான கேள்வி. நேரம் குறித்து வைக்கும் பகுதிகளில் அப்படி நடப்பது உண்மை. மறுக்கவில்லை. அந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

1984-இல் ஜேம்ஸ் ஃபிளின் ஒரு கணக்கை வெளியிட்டார். 1932 முதல் 1978 வரை அமெரிக்கர்களின் சராசரி மதிப்பெண் ஏறக்குறைய 14 புள்ளிகள் உயர்ந்திருந்தது. தலைமுறைக்குத் தலைமுறை பள்ளிப் படிப்பு கூடியது, உடல்நலம் மேம்பட்டது, இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பழக்கமும் ஏற்பட்டது. இப்போது எதிரணியின் வரைபடத்துக்கு வருவோம். அது ஒரே காலத்தில் இருபத்தைந்து வயதுக்காரரையும் எழுபத்தைந்து வயதுக்காரரையும் உட்கார வைத்து ஒப்பிட்டது. இருவரும் பிறந்த ஆண்டுகளுக்கு நடுவே ஐம்பது ஆண்டு இடைவெளி. மூத்தவர் இளமையில் வாங்கிய மதிப்பெண் என்ன என்று அந்த வரைபடத்துக்குத் தெரியாது. அவர் ஒருவேளை எதையுமே இழக்காமல் இருந்திருக்கலாம். பின்னால் பிறந்தவர் மேலே தொடங்கியிருக்கலாம். பிறந்த ஆண்டின் வித்தியாசத்தை முதுமையின் குற்றமாக எழுதுவது எந்த நியாயம்?

இதைத் தீர்க்க ஒரே வழி, அதே மனிதரை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்வது. அதைத்தான் வார்னர் ஷாயி அமெரிக்காவின் சியாட்டிலில் 1956-இல் தொடங்கினார். முதலில் 500 பேர், பிறகு ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மறுதேர்வு. திரும்ப எழுதுவதால் பழக்கம் வந்துவிடுமே என்று ஐயம் எழும். அதற்காகவே ஒவ்வொரு சுற்றிலும் புதியவர்களையும் சேர்த்துச் சரிபார்த்தார்கள். ஒரே நாளில் ஒப்பிட்டபோது இளவயதிலேயே தொடங்குவதாகத் தெரிந்த சரிவு, அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்தபோது பெரும்பாலான திறன்களில் காணவில்லை. அவை நடுவயது வரை ஏறின, அல்லது நின்ற இடத்தில் நின்றன. தெளிவான இறக்கம் பொதுவாக அறுபதுக்குப் பிறகே. சொல்லறிவு இன்னும் பிந்தித்தான் தளர்ந்தது. வேகமோ முன்னதாகவே குறைந்தது.

சரி, வேகத்துக்கு வருவோம். எதிரணியின் முழுப் பலமும் அங்கேதான். 1984-இல் டிமோத்தி சால்ட்ஹவுஸ் 19 முதல் 72 வயது வரையான தட்டச்சர்களைச் சோதித்தார். சட்டென்று பொத்தானை அழுத்தும் சோதனையில் மூத்தவர்கள் மெதுவானவர்கள். ஆனால் தட்டச்சு செய்யச் சொன்னால் இளையவர்களுக்கு ஈடாக அடித்தார்கள். எப்படி? விரல் இந்த எழுத்தில் இருக்கும்போதே அவர்கள் கண் இளையவர்களைவிட இன்னும் பல எழுத்துகள் முன்னால் போயிருந்தது. வரப்போகும் எழுத்துகளை மறைத்ததும் வேகம் விழுந்துவிட்டது. விரல் தளர்ந்ததை ஈடுகட்ட மூளை வேறு வழி அமைத்துக்கொண்டிருக்கிறது, நடுவர் அவர்களே! அது அறிவின் வேலை இல்லை என்றால் வேறு எதன் வேலை?

எதிரணியின் ஒரே நாள் ஒப்பீட்டிலும்கூட எல்லாம் இருபத்தைந்தில் உச்சம் தொடவில்லை. 2015-இல் ஜோஷுவா ஹார்ட்ஷோர்னும் லாரா ஜெர்மைனும் இணையவழியில் ஏறக்குறைய 48,500 பேரின் விடைகளை ஆராய்ந்தார்கள். வேகம் பதின்வயதின் கடைசியில் உச்சம். அடுத்தவர் கண்ணைப் பார்த்தே அவர் மனநிலையை அறியும் திறன் நடுவயதில் உச்சம். சொல்வளமோ அறுபதைத் தாண்டியும் ஏறிக்கொண்டிருந்தது.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டிமென்ஷியா என்னும் மறதி நோயை எதிரணி இங்கே சாட்சிக்கு அழைத்தது வருத்தமாக இருந்தது. அது நோய். அதைக் காட்டி முதியவர்கள் அத்தனை பேரையும் ஒரே பட்டியலில் சேர்த்தால், 'உங்களுக்கு இனிமேல் புரியாது' என்று அவர்கள் கையிலிருந்து வேலையையும் படிப்பையும் முடிவெடுக்கும் உரிமையையும் பிடுங்குவது சுலபமாகிவிடும். இந்தத் தலைப்பில் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

அடுத்து பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே கேள்வி. வேகத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரே மனிதரைத் தொடர்ந்து பார்த்த ஆய்விலிருந்து, நலமாக இருப்பவரின் சொல்லறிவு முப்பதிலேயே சரிகிறது என்று காட்ட முடியுமா? பதிலுக்குக் காத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.