கடைக்கு மெஷின் வாங்கும் முன் ஒரு வாரம்

[காட்சி: விடிகாலை, காசிமேடு. ஐஸ் உடைக்கும் சத்தம். எடை மெஷின் மேல் ஒரு ஈரக் கை.]

வணக்கம். இந்தக் கையைக் கொஞ்சம் பாருங்கள். மீன் செதில், ஐஸ் தண்ணீர், உப்பு. இந்தக் கையால் டச் ஸ்கிரீன் வைத்த பில் மெஷினைத் தொட்டால் என்ன ஆகும்? ஒன்று, திரை அசையாது. இல்லையென்றால் அமுக்காத பட்டனை அமுக்கியதாக எடுத்துக்கொள்ளும். இந்தத் திரைகள் விரல் படும்போது ஏற்படும் மின் மாற்றத்தை வைத்துத்தான் தொட்ட இடத்தைக் கண்டுபிடிக்கின்றன. மேலே தண்ணீர் நின்றால் எது விரல், எது தண்ணீர் என்று அதற்குக் குழம்பிவிடும். ஏ.சி. ஷோரூமில் காய்ந்த கையோடு டெமோ பார்க்கிறவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

அதனால் இங்கே மீன் விற்கும் அக்காவுக்கு ரப்பர் பட்டன் வைத்த சாதாரண எடை மெஷின்தான் சரி. கடைக்குக் கடை மெஷின் மாறும். புதுசு எது என்று கேட்பதை விட, நம் கடையில் எந்தக் கை, எந்த நேரத்தில், எதைத் தொடப்போகிறது என்று பார்ப்பது முக்கியம்.

[காட்சி: எடை மெஷினின் பக்கவாட்டில் உள்ள முத்திரை, மிக அருகில்.]

இன்னொன்று. எலெக்ட்ரானிக் தராசுக்கு வருடம் ஒரு முறை, எடை சரியா என்று சோதித்து முத்திரை போட வேண்டும். தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. அந்தச் செலவையும் ஒரு நாள் அலைச்சலையும் மெஷின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

[காட்சி: பழைய வண்ணாரப்பேட்டை. ஹார்டுவேர் கடையின் ஷட்டர் ஏறுகிறது.]

இது எங்கள் கடை. பெயிண்ட், பைப், ஆணி, பூட்டு. பெயிண்டர்களும் பிளம்பர்களும் பற்று வைத்து வாங்கிப் போவார்கள். வேலை முடிந்து கூலி கைக்கு வந்ததும் கொடுப்பார்கள். அப்பா காலம் முழுக்க அது நோட்டில்தான் இருந்தது. நான் வந்ததும் ஒரு பில்லிங் சாப்ட்வேர் வாங்கினேன். முதல் வருடம் நன்றாகத்தான் ஓடியது. இரண்டாம் வருடம் சந்தாவை ஏற்றினார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று நான் இழுத்தேன். ஒரு திங்கட்கிழமை காலையில் திரை பூட்டிக்கொண்டது. யார் எவ்வளவு பாக்கி என்பது மொத்தமும் உள்ளே. நோட்டு எழுதுவதை நாங்கள் எப்போதோ நிறுத்தியிருந்தோம்.

அந்த வாரம் ஒரு பிளம்பர் அண்ணன் தானாகவே வந்து, "தம்பி, என் கணக்கு ரெண்டாயிரத்து நானூறு, எழுதிக்கோ" என்றார். அவர் சொல்லித்தான் எங்கள் கணக்கே எங்களுக்குத் தெரிந்தது. நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

அன்றிலிருந்து டெமோ காட்ட யார் வந்தாலும் முதலில் ஒன்றுதான் கேட்பேன்: "சார், என் கணக்கு முழுவதையும் எக்செல் ஃபைலாக எடுத்து, இப்பவே என் போனுக்கு அனுப்புங்க." வந்த ஃபைலைத் திறந்து, வாடிக்கையாளர் பெயரும் பாக்கியும் வரிசையாக இருக்கிறதா என்று பார்ப்பேன். "அது அடுத்த அப்டேட்டில் வரும்" என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். ஃபைல் கிடைத்தாலும் அதன் நகல் கடைக்கு வெளியேயும் இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பயமுறுத்தி விற்பவர்களும் உண்டு. "இ-இன்வாய்ஸ் கட்டாயம் சார், அபராதம் போடுவாங்க" என்பார்கள். அதாவது, பில்லை அரசின் இணையதளத்தில் பதிவு செய்வது. 2023 ஆகஸ்ட் முதல் அது ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வியாபாரங்களுக்கு, அதுவும் ஜி.எஸ்.டி. பதிவுள்ள இன்னொரு வியாபாரிக்கு விற்கும்போதோ, ஏற்றுமதி செய்யும்போதோதான். சந்தேகம் இருந்தால் உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள், விற்க வந்தவரைக் கேட்காதீர்கள். அப்புறம், தெர்மல் பேப்பரில், அதாவது மையில்லாமல் சூட்டால் அச்சாகும் பில் பேப்பரில் வரும் எழுத்து சூட்டிலும் வெயிலிலும் மங்கிவிடும். கணக்கு ஆவணங்களை, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது ஜி.எஸ்.டி. சட்டம். சரக்கு வாங்கும் பில் தெர்மல் பேப்பரில் வந்தால் அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள்.

[காட்சி: எம்.சி. ரோடு, பண்டிகைக் கூட்டம். "ரூபாய் முன்னூற்று ஐம்பது பெறப்பட்டது" என்று ஒரு பெட்டி பேசுகிறது.]

இந்த சவுண்ட் பாக்ஸ் இப்படிப்பட்ட கூட்டத்தில் காசுக்கு மதிப்புள்ளது. பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு யாரும் நழுவ முடியாது. வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐயில் நேராக வரும் பணத்துக்கு 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. பெட்டிக்கு மாத வாடகை இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வரும் கடைக்குப் போன் மெசேஜே போதும்.

[காட்சி: கல்லாப் பெட்டி. பக்கத்தில் ஒட்டிய ஒரு வெள்ளைத் தாள், பேனாக் கோடுகள்.]

நான் இப்போது செய்வது இதுதான். எதையும் வாங்கும் முன் ஒரு வாரம் இந்தத் தாளைக் கல்லா பக்கத்தில் ஒட்டிவிடுவேன். வேலை எங்கே நின்றாலும் ஒரு கோடு, பக்கத்தில் காரணம். முதல் தடவை பில் போடுவதில்தான் தாமதம் என்று நினைத்திருந்தேன். அதிகக் கோடு விழுந்ததோ "முக்கால் இன்ச் எல்போ இருக்கா?" என்று கேட்டவருக்காகப் பையன் மாடி ஏறி இறங்கியதற்கு. பெரிய பில்லிங் மெஷினை விட்டுவிட்டு, மாடித் தட்டுகளுக்கு நம்பர் எழுதி, எந்தத் தட்டில் என்ன, எத்தனை என்று போனில் ஒரு ஷீட் போட்டோம். செலவு, ஒரு மார்க்கர் பேனா.

இது இந்த வாரத் தாள். சனிக்கிழமை மட்டும் பதினொரு கோடு, எல்லாமே சில்லறை இல்லாததால். நாளைக்கு வங்கிக்குப் போய்ப் பத்து ரூபாய்க் கட்டு இரண்டு வாங்கி வர வேண்டும்.