ஒரே ஆலை, இரண்டு கவுன்ட்டி: ஸ்லாவ் ஹார்லிக்ஸ் நினைவுகளைப் பதிவு செய்வது பற்றி

(ஊர் வரலாறு திரட்டுவோர் நடுவே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் உறவினரைப் பார்க்கப் போனால் ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிப் போவது நம் ஊர் வழக்கம். அந்தப் பாட்டிலுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. லண்டனுக்கு மேற்கே, ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது ஸ்லாவ் நகரம். 1908-இல் அங்கே கட்டி முடித்த செங்கல் ஆலை நூறாண்டுக்கும் மேல் ஓடியது. உயரமான புகைபோக்கி, மணிக்கூண்டு, ரயிலில் போகிறவர் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் பெயர். இப்போது உற்பத்தி நின்று, அந்த வளாகம் குடியிருப்பாகிவிட்டது. இனி மிஞ்சியிருப்பது மனிதர்களின் நினைவும் கொஞ்சம் காகிதமும். இந்த இரண்டையும் பிழையில்லாமல் எப்படிச் சேர்த்து வைப்பது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

பிழை முதல் கேள்வியிலேயே வந்து நிற்கும். ஆலை எந்தக் கவுன்ட்டியில் இருந்தது? கவுன்ட்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. 1960-களில் அங்கே வேலை பார்த்தவர் பக்கிங்ஹாம்ஷயர் என்பார். 1980-களில் சேர்ந்தவர் பெர்க்ஷயர் என்பார். இரண்டும் சரி. 1972-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, ஸ்லாவ் நகரத்தைப் பக்கிங்ஹாம்ஷயரிலிருந்து எடுத்துப் பெர்க்ஷயரில் சேர்த்தார்கள். இது தெரியாமல் பதிவு செய்கிறவர், ஒருவர் சொன்னதை "நினைவுப் பிசகு" என்று எழுதித் திருத்திவிடுகிறார். நல்ல சாட்சியம் அப்படித்தான் பாழாகிறது.

எல்லைக் கதைக்கு முன்னால் ஆலைக்குள் போய்விடுவோம். உள்ளே என்ன நடந்தது என்று தெரியாமல் நேர்காணலுக்குப் போனால், எதிரில் இருப்பவர் சொல்வதில் பாதி நம் காதில் ஏறாது.

ஜேம்ஸ் ஹார்லிக், வில்லியம் ஹார்லிக் என்ற அண்ணன் தம்பி இருவரும் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர்க்காரர்கள். ஜேம்ஸ் மருந்தாளுநர். வில்லியம் 1869-இலும் ஜேம்ஸ் 1873-இலும் அமெரிக்கா போனார்கள். சிகாகோவில் தொடங்கி, விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் நகருக்கு மாறினார்கள். பாலும் மால்ட்டும் சேர்ந்த பொடிக்கு 1883-இல் காப்புரிமை பெற்றார்கள். ஜேம்ஸ் 1890-இல் லண்டன் திரும்பி, முதலில் அமெரிக்கச் சரக்கை இறக்குமதி செய்து விற்றார். அதன் பிறகு வந்ததுதான் ஸ்லாவ் ஆலை. 1921-இல் ஜேம்ஸ் இறந்ததும் வணிகம் இரண்டாகப் பிரிந்தது. 1945-இல் பிரிட்டிஷ் நிறுவனமே அமெரிக்க நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. 1969-இல் பீச்சம் நிறுவனம் ஹார்லிக்ஸை வாங்கியது. இந்த 1969-ஐ மனத்தில் வையுங்கள், பிறகு உதவும்.

இனி செய்முறை. பார்லியை ஊறவைத்து, நான்கிலிருந்து ஆறு நாள் முளைக்கவிட்டு, சூடான காற்றில் உலர்த்தினால் மால்ட். முளைக்கும்போது பார்லிக்குள் அமைலேஸ் என்ற நொதி பெருகுகிறது. அரைத்த மால்ட்டையும் கோதுமை மாவையும் வெந்நீரில் கலந்து 60 முதல் 70 டிகிரி செல்சியஸில் வைத்தால், இந்த நொதி மாவுச்சத்தை மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாகவும் டெக்ஸ்ட்ரின் என்ற சிறு துண்டுகளாகவும் வெட்டுகிறது. முளைகட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சிய கஞ்சி, சாதா மாவுக் கஞ்சி போல இறுகாமல் நீர்த்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே நொதி வேலைதான் இதுவும்.

எங்கே கெடும்? சூடு 75 – 80 டிகிரியைத் தாண்டினால் நொதி செத்துவிடும். மாவுச்சத்து அப்படியே நிற்கும். கூழ் பசையாகி, உமியைப் பிரிக்கும் வடிகட்டியை அடைத்துவிடும். சூடு குறைந்தாலும் வம்புதான். கோதுமையின் மாவுச்சத்து வெந்து இளகாவிட்டால் நொதி அதைத் தொடவே முடியாது. சரியாக முடிந்ததா என்று பார்க்க எளிய வழி அயோடின். வெள்ளைப் பீங்கான் ஓட்டில் ஒரு சொட்டுக் கூழை விட்டு, பக்கத்தில் ஒரு சொட்டு அயோடினை விட்டு இரண்டையும் சேர்க்க வேண்டும். கருநீலம் வந்தால் மாவுச்சத்து மிச்சம் இருக்கிறது, காத்திருக்க வேண்டும். அயோடினின் மஞ்சள் பழுப்பு மாறாமல் நின்றால் அடுத்த கட்டத்துக்கு விடலாம்.

அடுத்த கட்டத்தில் பால் சேர்கிறது. ஆலையின் பெரும்பாடு இங்கேதான். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். ஒரு கிலோ உலர்ந்த பாற்பொருள் வேண்டுமானால் கிட்டத்தட்ட 8 கிலோ பால் வேண்டும், அதிலிருந்து 7 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். மால்ட் வடிநீரில் இருக்கும் தண்ணீர் வேறு. சாதாரண அழுத்தத்தில் 100 டிகிரியில் கொதிக்கவிட்டால் பாலின் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து கருகி, நிறமும் சுவையும் போய்விடும். அதனால் மூடிய கொப்பரையில் காற்றை உறிஞ்சி எடுத்து, அழுத்தத்தை வெளிக்காற்றின் ஆறில் ஒரு பங்குக்கு இறக்கினார்கள். அப்போது தண்ணீர் 55 டிகிரியிலேயே கொதிக்கும். இவ்வளவு தண்ணீரை விரட்டுவதற்கு நீராவி வேண்டும், நீராவிக்குக் கொதிகலன் வேண்டும். அந்த உயரமான புகைபோக்கி கொதிகலனுக்கானது.

புளித்த பால் உள்ளே வந்துவிட்டால் சூடான பரப்பில் திரிந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது கருகும், கருகிய படலம் சூடு கடத்துவதைத் தடுக்கும், நேரம் இழுக்கும், கடைசியில் கொப்பரையை நிறுத்திக் கழுவ வேண்டியதாகும். பால் இறங்குமிடத்திலேயே புளிப்பைச் சோதிப்பது இதனால்தான்.

கடைசி உலர்த்தல் இன்னும் நுட்பமானது. கெட்டிப்பட்ட குழம்பு வெற்றிடத்தில் நுரைத்து எழும்பி, தேனடை போலத் துளைத்துளையாகக் காயும். சூட்டோடு இருக்கும்போதே காற்றைத் திறந்துவிட்டால் அந்த நுரை அமுங்கி, பாகு மிட்டாய்ப் பாளமாகிவிடும். வெற்றிடத்துக்குள்ளேயே ஆறவிட்டு, நொறுங்கும் பதம் வந்தபின்தான் திறக்க வேண்டும். பிறகு உடைத்து அரைப்பார்கள். அரைத்த பொடியில் ஈரம் 3 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நிற்கும். மால்ட் சர்க்கரை காற்றின் ஈரத்தை வெறியோடு இழுக்கும். மழைக்காலத்தில் பாட்டிலை மூடாமல் வைத்தவர்களுக்கு அது தெரியும், பொடி கல்லாகிவிடும். பாட்டிலில் அடைக்கும் அறையின் காற்றை உலர்த்தி வைப்பதும், மூடியை இறுக்கமாக அடைப்பதும் இதற்காகவே.

இவ்வளவும் தெரிந்து போனால் கேள்விகள் தானாகக் கூர்மையாகும். "வேலை எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்றுதான் பதில் வரும். வடிகட்டி அடைத்தால் யாரைக் கூப்பிட்டீர்கள், அயோடின் ஓடு யார் கையில் இருந்தது, கொப்பரையைத் திறக்கலாம் என்று யார் முடிவு செய்தார், மழை நாளில் பாட்டில் அடைக்கும் அறைக் கதவுக்கு என்ன விதி என்று கேட்டுப் பாருங்கள். ஆள் மாறிவிடுவார்.

வாசனையைப் பற்றியும் கட்டாயம் கேளுங்கள். ஆனால் எந்த வாசனை என்று பிரித்துக் கேளுங்கள். அதே ஊரின் தொழிற்பேட்டையில் 1932 முதல் மார்ஸ் சாக்லேட் ஆலையும் இயங்குகிறது. மால்ட்டா, சாக்லேட்டா, குடியிருந்த தெரு எது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று நான்கையும் சேர்த்துக் குறித்தால்தான் அந்த நினைவுக்கு இடம் கிடைக்கும்.

இப்போது எல்லைக்கு வருவோம். பழைய நாளில் அந்தப் பகுதியில் தேம்ஸ் நதிதான் எல்லை. வடகரை பக்கிங்ஹாம்ஷயர், தென்கரை பெர்க்ஷயர். வடகரையில் ஈட்டன், தென்கரையில் விண்ட்சர், நடுவே ஒரு பாலம். 1974-இல் ஸ்லாவ், ஈட்டன், டாட்செட், ஹார்ட்டன், ரேஸ்பரி எல்லாம் பெர்க்ஷயருக்கு வந்தன. அதே நாளில் பெர்க்ஷயர் தன் வடபகுதியை, அதாவது ஆபிங்டன், வாண்டேஜ், ஃபாரிங்டன், வாலிங்ஃபோர்டு ஆகிய ஊர்களை, ஆக்ஸ்ஃபோர்டுஷயருக்குக் கொடுத்தது.

ஸ்லாவ்வில் ஒரு தாய்க்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? பிள்ளையின் பள்ளிக்கூட விவகாரத்தை அதுவரை கவனித்த கவுன்ட்டி நிர்வாகம் எய்ல்ஸ்பரியில் இருந்தது, இனி ரெடிங்கில். ஆனால் போலீஸ் மாறவில்லை. பக்கிங்ஹாம்ஷயர், பெர்க்ஷயர், ஆக்ஸ்ஃபோர்டுஷயர் போலீஸ் படைகள் 1968-லேயே ஒன்றாகியிருந்தன; அந்தப் படைதான் பின்னர் தேம்ஸ் வேலி போலீஸ் என்று பெயர் பெற்றது. திருச்சபையும் மாறவில்லை. ஸ்லாவ் தேவாலயங்கள் இன்றும் ஆக்ஸ்ஃபோர்டு மறைமாவட்டத்தில் பக்கிங்ஹாம் பிரிவில்தான் இருக்கின்றன. ஆகவே 1974-ஐப் பற்றி ஒருவர் "எதுவுமே மாறவில்லை" என்றால் அதுவும் பொய்யல்ல. அவர் வாழ்க்கை எந்த அலுவலகத்தைத் தொட்டது என்பதைப் பொறுத்தது அது.

ஆலை நின்ற தெருவின் பெயர் ஸ்டோக் போஜஸ் லேன். அந்தப் பெயருக்குரிய ஸ்டோக் போஜஸ் கிராமம் பெர்க்ஷயருக்கு வரவில்லை, பக்கிங்ஹாம்ஷயரிலேயே தங்கிவிட்டது. ஆனால் அதன் அஞ்சல் நகரம் ஸ்லாவ். கடித முகவரியை வைத்து ஆளின் கவுன்ட்டியை முடிவு செய்தால் கிராமமே தவறான பக்கம் போய்விடும். கவுன்ட்டிக்குள் அடங்கிய சிறு நிர்வாகமும் நிலையாக இருக்கவில்லை; அதை அங்கே மாவட்டம் என்பார்கள். அந்தக் கிராமம் 1974 வரை ஈட்டன் ஊரக மாவட்டம், பிறகு பீக்கன்ஸ்ஃபீல்டு மாவட்டம், 1980 முதல் சவுத் பக்ஸ், 2020 முதல் ஒன்றிணைந்த பக்கிங்ஹாம்ஷயர் கவுன்சில்.

இதைவிடச் சிக்கலானது ஸ்லாவ்வின் கிழக்கு ஓரத்தில் உள்ள போயல். 1965 வரை மிடில்செக்ஸ், அதன்பின் சர்ரே, 1995 முதல் ஸ்லாவ் நிர்வாகத்தில், ஆகவே பெர்க்ஷயர். ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தவர் மூன்று கவுன்ட்டியில் வாழ்ந்திருப்பார். 1998 ஏப்ரல் 1 அன்று பெர்க்ஷயர் கவுன்ட்டி கவுன்சிலையே கலைத்து, ஸ்லாவ் உட்பட ஆறு தனி நிர்வாகங்கள் ஆக்கினார்கள். பெர்க்ஷயர் என்ற பெயர் தனக்கென கவுன்சில் இல்லாத சடங்குக் கவுன்ட்டியாக மட்டும் தொடர்கிறது.

காகிதம் தேடுகிறவருக்கு இதன் பலன் நேரடியானது. ஆலை தொடங்கிய காலத்துப் பிறப்புப் பதிவை "ஸ்லாவ், பெர்க்ஷயர்" என்று தேடினால் கிடைக்காது. அன்றைய பதிவு மாவட்டம் ஈட்டன், கவுன்ட்டி பக்கிங்ஹாம்ஷயர். கெல்லியின் ஊர் விவரத் தொகுப்பிலும் பக்கிங்ஹாம்ஷயர் தொகுதியைத்தான் எடுக்க வேண்டும். ஆவணக் காப்பகம் என்றால் எய்ல்ஸ்பரி, ரெடிங் இரண்டையும் பாருங்கள். ஒன்றில் இல்லை என்பதால் ஆவணமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளூர்ப் பத்திரிகை இதில் நமக்குத் துணை. ஸ்லாவ், ஈட்டன் அண்ட் விண்ட்சர் அப்சர்வர் என்ற பெயரிலேயே நதியின் இரு கரையும் இருந்தது. கவுன்ட்டி மாறினாலும் அந்தச் செய்தி வரிசை அறவில்லை.

பழைய விளம்பரமோ டப்பாவோ கையில் கிடைத்தால் முதலில் அடியில் உள்ள முகவரியைப் படியுங்கள். "ஸ்லாவ், பக்ஸ்" என்று இருந்தால் அநேகமாக 1974-க்கு முந்தியது; பக்ஸ் என்பது பக்கிங்ஹாம்ஷயரின் சுருக்கம், பெர்க்ஸ் என்பது பெர்க்ஷயரின் சுருக்கம். "அநேகமாக" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: அச்சடித்த லேபிள் தீரும் வரை ஒட்டுவது எந்த ஆலையிலும் நடக்கும். ரசீன், ஸ்லாவ் இரண்டு பெயரும் சேர்ந்திருந்தாலும் குழம்ப வேண்டாம். அது அமெரிக்க ஆலையையும் சேர்த்துச் சொன்ன காலம். படம் எடுக்கும்போது முன்பக்கத்தை மட்டும் அழகாக எடுத்துவிட்டு முகவரி வரியை விட்டுவிடுகிறார்கள். அந்த வரி இல்லாத படம் பாதிப் படம்தான்.

நேர்காணலில் ஆண்டை நேராகக் கேட்காதீர்கள். எண்பது வயதுக்காரர் எண்ணை ஊகித்துச் சொல்லிவிடுவார், நாமும் அதைப் பொன்னெழுத்தில் பொறித்துவிடுவோம். பீச்சம் வாங்குவதற்கு முன்பா பின்பா, இது 1969. ஷில்லிங்கில் கூலி வாங்கினீர்களா புதுப் பென்னியிலா, இது நாணய முறை மாறிய 1971 பிப்ரவரி 15. எய்ல்ஸ்பரியா ரெடிங்கா, இது 1974. இந்த மூன்றும் போதும், ஆண்டு தானாக இறுகி வரும். எழுதும்போது அவர் சொன்ன ஊர்ப் பெயரை, கவுன்ட்டிப் பெயரை அப்படியே வையுங்கள். அன்றைய நிர்வாகம், இன்றைய நிர்வாகம் இரண்டையும் தனிக் கட்டங்களில் நீங்கள் சேருங்கள். பேச்சின் உள்ளே கைவைக்கக் கூடாது. தட்டச்சு செய்கிறவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "பக்ஸ்" என்பதை நல்லெண்ணத்தோடு "பெர்க்ஸ்" என்று மாற்றிவிடுவது அந்த மேசையில்தான்.

இதே முறை நம் பக்கத்து ஹார்லிக்ஸ் ஆலைகளுக்கும் வேண்டும். 1960-இல் பஞ்சாபின் நாபாவில் ஆலை வந்தது. அங்கே எருமைப் பால். பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதம் என்றால் இதில் 7-ஐத் தொடும், ஆகவே கொழுப்பைச் சரிக்கட்டாமல் ஸ்லாவ் அளவை அப்படியே பின்பற்ற முடியாது. நாபா முன்பு தனி சமஸ்தானம், 1948-இல் பெப்சு (பாட்டியாலாவும் கிழக்குப் பஞ்சாப் சமஸ்தானங்களும் சேர்ந்த மாநிலம்), 1956-இல் பஞ்சாப். ஆலை வந்த பிறகு 1966-இல் அந்தப் பஞ்சாபே பிரிந்தது. 1970-களின் நடுவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் தவளேசுவரத்திலும் ஆலை வந்தது. அங்கே கூடுதல் கவனம் தேவை. கிழக்கு கோதாவரி மாவட்டம் என்ற பெயர் அன்றும் இன்றும் ஒன்றே. ஆனால் 2022 ஏப்ரல் 4 அன்று மாவட்டத்தைப் பிரித்தபோது, அதுவரை அதன் தலைநகராக இருந்த காக்கிநாடா தனி மாவட்டமாகி, தலைநகர் ராஜமுந்திரிக்கு வந்தது. அங்கே வேலை பார்த்த ஒருவர் "கலெக்டர் ஆபீசுக்குப் போனேன்" என்று சொன்னால், எந்த ஊருக்குப் பஸ் ஏறினார் என்று உடனே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.