பேர்லா, டாமாவா, யமஹாவா?

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் கிள்ளானில் ஒரு கல்யாண விருந்து. கச்சேரி முடிந்து கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். செந்தூலில் ஒரு சின்ன இன்னிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் தம்பி ஒருவன் மேடை ஓரமாக வந்து நின்றான்.

"அண்ணே, என்னோடது ஆரம்பத்துல எல்லாரும் வாங்குற செட்டு. மூணு வருஷமாச்சு. மாத்தலாம்னு இருக்கேன். பேர்ல் வாங்கட்டுமா, டாமாவா, யமஹாவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் கீபோர்டுக்காரர் "டாமா தான்லா" என்றார். கிட்டாரிஸ்ட் "யமஹா" என்றார். இரண்டு பேருமே வாழ்நாளில் டிரம் குச்சியைக் கையில் பிடித்தவர்கள் இல்லை.

அன்றைக்குக் கார் நிறுத்துமிடத்தில் நின்றபடி ஐந்து நிமிடம் பேசினேன். இன்றைக்குப் பன்னிரண்டு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். கடைப் பெயர் எதுவும் வேண்டாம் என்று தயாரிப்பாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். பிராண்டுப் பெயர் இல்லாமல் இந்தப் பேச்சைப் பேசவே முடியாது என்று நானும் சொல்லிவிட்டேன். சரி, தொடங்குகிறேன்.

பிராண்டுப் பெயர் நம் தலையில் எப்படி ஏறியது என்று முதலில் பார்ப்போம். 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாசித்தபோது 7 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். அவர்களின் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரின் பாஸ் டிரம், அதாவது காலால் உதைக்கும் பெரிய டிரம், அதன் முகத்தில் லட்விக் என்ற எழுத்து. சிகாகோவில் 1909-லிருந்து டிரம் செய்துவந்த கம்பெனி அது. அந்த ஓர் இரவுக்குப் பிறகு அதன் விற்பனை எகிறியது. அந்தச் செட்டின் ஒலியைத் தனியாகக் கேட்டு யாரும் கடைக்கு ஓடவில்லை. கண்ணில் பட்ட எழுத்துதான் ஓட வைத்தது. இன்றைக்கும் அதே கதைதான். நமக்குப் பிடித்த டிரம்மர் எந்தப் பெயருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாரோ, அந்தப் பெயர் நமக்கு நல்ல ஒலியாகிவிடுகிறது.

தம்பி கேட்ட மூன்றும் ஜப்பான்காரர்களுடையவை. பேர்ல் 1946-ல் டோக்கியோவில் தொடங்கியபோது செய்தது டிரம் இல்லை, இசைத்தாள் வைக்கும் ஸ்டாண்டு. டாமா என்ற பெயர் 1974-லிருந்து இருக்கிறது. ஐபனேஸ் கிட்டார் விற்கும் அதே ஹோஷினோ கம்பெனியின் டிரம் பிரிவு. யமஹா என்றால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது மோட்டார் சைக்கிள். ஆனால் அந்தச் சின்னத்தை உற்றுப் பாருங்கள், மூன்று சுருதிக் கவைகள். 1887-ல் ஹார்மோனியம் மாதிரியான ஆர்கனில் தொடங்கி, 1967-ல் டிரம்முக்கு வந்தவர்கள். மூவரும் ஐம்பது வருடத்துக்கு மேல் இதே வேலையாக இருப்பவர்கள். ஆரம்பக்காரர் செட்டிலிருந்து அடுத்த படிக்கு ஏறும்போது இந்த மூவரில் யாரிடம் வாங்கினாலும் மோசமான செட்டு வராது. தைவானின் மேபெக்ஸையும் இந்த வரிசையில் தாராளமாகச் சேர்க்கலாம்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? என் கதையைச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பாஸ் டிரம்முக்கு மேலே தொங்கும் சின்ன டிரம்மை டாம் என்போம். என் செட்டில் இரண்டு டாம் தொங்கின, மூன்றாவதாக 10 அங்குல டாம் ஒன்று வேண்டும் என்று ஆசை. பிரிக்பீல்ட்ஸில் ஒருவர் தன் பழைய செட்டைப் பிரித்து விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வேறு கம்பெனி டாம், ஆனால் நிறம் அப்படியே என் செட்டின் கறுப்பு. முந்நூறு வெள்ளி கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் மாலை கச்சேரி. மண்டபத்தில் செட்டைப் பூட்டும்போதுதான் தெரிந்தது, என்னுடைய பிடிகுழாய் அந்த டாமின் துளைக்குள் போகவே மாட்டேன் என்கிறது. என் செட்டில் தடித்த உருண்டைக் குழாய். அந்த டாம் கேட்டதோ மெல்லிய வளைந்த கம்பி. மாப்பிள்ளை ஊர்வலம் வாசலுக்கு வந்துவிட்டது. சமையல்காரரிடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி, அதன்மேல் டாமை வைத்து, துண்டைச் சுற்றி, அன்றைய இரவை ஓட்டினேன். ஒவ்வொரு பாட்டிலும் நாற்காலி ஓர் அங்குலம் நகரும். பாடகர் இதை இன்னும் மறக்கவில்லை.

பிராண்டு என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. பேர்லின் பழைய பாணிப் பிடி தடித்த குழாய், அது டிரம்முக்குள்ளேயே நுழையும். யமஹாவுக்கு ஆறு பட்டைக் கம்பியும் பந்து போன்ற மூட்டும். டாமாவுக்கு வளைந்த மெல்லிய கம்பி. ஒருவருடையது இன்னொருவருடையதில் பொருந்தாது. இடையில் மாற்றுப் பிடி வாங்கிப் பூட்டலாம், ஆனால் அது தனிச் செலவு, தனித் தலைவலி. ஆக, பிராண்டைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் தேர்ந்தெடுப்பது ஒலியைவிட அந்தக் குழாயையும் திருகையும்தான். இன்று வாங்கும் செட்டோடு இன்னும் பத்து வருடத்துக்கு எந்த ஸ்டாண்டு, எந்தக் கூடுதல் டாம் சேரும் என்பதை அது முடிவுசெய்கிறது.

அதனால் கோலாலம்பூரில் இருக்கிற ஒருவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு பிடி உடைந்தால், ஒரு திருகு தொலைந்தால், இந்த ஊரில் எனக்கு அது கிடைக்குமா? உங்களைச் சுற்றி வாசிப்பவர்களில் பெரும்பாலோர் எதை வைத்திருக்கிறார்கள்? கச்சேரி நாளில் பக்கத்துக் குழுவிடம் கடன் கேட்க முடியுமா? பேர்ல் எக்ஸ்போர்ட் 1982-ல் வந்த வரிசை, இடையில் நிறுத்தி 2013-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். அந்த மாதிரி நிறைய விற்ற செட்டுக்குப் பழைய உதிரிகள் எப்படியும் எங்கேயாவது கிடைத்துவிடும். அழகான, அபூர்வமான ஐரோப்பியச் செட்டை மலிவாகப் பிடித்தேன் என்று சந்தோஷப்படுபவர்களை எனக்குத் தெரியும். ஒரு திருகுக்காக இரண்டு மாதம் தபாலுக்குக் காத்திருப்பவர்களும் அவர்களேதான்.

அப்புறம் ஒலி. முதலில் ஸ்கின், குச்சி அடி விழும் அந்த மெல்லிய படலம். என் முதல் செட்டைக் கடையிலிருந்து வந்த ஸ்கின்னோடு ஆறு வருடம் அடித்தேன். நடுவில் குழி விழுந்திருந்தது. மூத்த டிரம்மர் ஒருவர் பார்த்துவிட்டுத் திட்டினார். அவரே பக்கத்தில் உட்கார்ந்து மேல் ஸ்கின், கீழ் ஸ்கின் எல்லாவற்றையும் மாற்றி, கார் டயர் நட்டை முடுக்குவதுபோல் எதிரெதிராக முடுக்கி, சுருதி சேர்த்துக் கொடுத்தார். அடுத்த ஒத்திகையில் கிட்டாரிஸ்ட், "எப்பப்பா புது செட்டு வாங்கினே?" என்று கேட்டார்.

ஸ்கின்னில் ஒற்றை அடுக்கு, இரட்டை அடுக்கு என்று உண்டு. ரீமோ கம்பெனியின் அம்பாசடர் ஒற்றை அடுக்கு, கால் மில்லிமீட்டர் கனம், திறந்து பாடும். அதே கம்பெனியின் எம்பரர் இரட்டை அடுக்கு. அடி தாங்கும், ரீங்காரம் குறையும். கல்யாண மண்டபத்தில் மைக் வைத்து வாசிப்பவருக்கு டாமில் இரட்டை அடுக்கே நல்லது என்பது என் கட்சி. இந்த பிளாஸ்டிக் ஸ்கின் 1950-களின் இரண்டாம் பாதியில்தான் கடைக்கு வந்தது. அதற்கு முன் கன்றுத்தோல். ஈரக்காற்றில் தோல் தொய்ந்துபோகும். பறையைத் தீயில் காய்ச்சி எடுக்கும் நமக்கு அந்தக் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை.

ஸ்கின்னுக்கு அடுத்தது, ஷெல்லின், அதாவது டிரம்மின் மர உடலின், விளிம்பு. ஸ்கின் உட்காரும் அந்த வளையம் சமமாக இல்லை என்றால் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் சுருதி சேராது. பழைய செட்டு வாங்கப் போனால் விற்பவரிடம் கேட்டு இரண்டு ஸ்கின்னையும் கழற்றுங்கள். ஷெல்லைச் சமையலறைக் கருங்கல் மேடைமேல் கவிழ்த்து வையுங்கள். உள்ளே கைவிளக்கை ஏற்றி, அறை விளக்கை அணையுங்கள். கல்லுக்கும் விளிம்புக்கும் நடுவில் வெளிச்சம் கசிகிற இடத்தில் விளிம்பு தாழ்ந்திருக்கிறது. பிறகு அளவு நாடாவால் குறுக்கே மூன்று நான்கு இடத்தில் அளந்து பாருங்கள், வட்டம் வட்டமாகவே இருக்கிறதா என்று. கழற்ற விட மாட்டேன் என்று சொல்பவரிடம் தேநீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மரத்தைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். நான் சுருக்கமாக முடிக்கிறேன். மலிவான செட்டுகள் பெரும்பாலும் போப்லார். யமஹா ஸ்டேஜ் கஸ்டம் முழுக்க பிர்ச். அடி நறுக்கென்று விழும், ஒலிப்பதிவுக்காரர்களுக்குப் பிடிக்கும். டாமா சூப்பர்ஸ்டார் கிளாசிக் முழுக்க மேப்பிள்; கொஞ்சம் உருண்டு வரும் ஒலி. உண்மையான வித்தியாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நானூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மண்டபத்தில் அதைக் கண்டுபிடிக்கும் காது எனக்குக் கிடையாது. இதில் ஒரு வேடிக்கை: அறுபதுகளின் மலிவான ஜப்பானியச் செட்டுகள் பல லுவான் என்ற மரத்தில் செய்தவை. அது நம் ஊர் மெரந்தியின் நெருங்கிய சொந்தம். ஒரு காலத்தில் ஏளனம் செய்தார்கள், இப்போது பழைய ஒலி வேண்டும் என்று அதையே தேடுகிறார்கள்.

மரத்தைவிட நம் ஊர் ஈரக்காற்று பெரிய விஷயம். முதலில் போவது குரோம் பூச்சு. வளையமும் திருகும் துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாக நிற்கும். பழைய செட்டில் ஷெல்லைவிடத் திருகுகளை நன்றாகப் பாருங்கள், ஒவ்வொன்றையும் விரலால் சுழற்றிப் பாருங்கள். மழையில் லாரியில் போன செட்டு எது என்று திருகே சொல்லிவிடும்.

அளவு. இங்கே நம் மைவி காரைப் பற்றிப் பேசியாக வேண்டும். 22 அங்குல பாஸ் டிரம் என்றால் குறுக்களவு ஏறக்குறைய 56 சென்டிமீட்டர். அதை உறையோடு மைவியின் பின்னால் திணித்து, டாம்களை இருக்கையில் அடுக்கி, ஸ்டாண்டுப் பையை முன்னால் போட்டால், ஓட்டுபவரைத் தவிர ஆளுக்கு இடமில்லை. 20 அங்குலம் என்றால் மனைவியும் வரலாம். குத்துப் பாட்டுக்கு 22 வேண்டும் என்று எங்கள் பாடகர் அடம் பிடித்தார். மைக் வைத்து 20-ஐ அடித்துக் காட்டினேன். "அதான் சொன்னேன்ல, 22-ன்னா இப்படித்தான் இடிக்கும்" என்றார்.

கடையில் ஷெல் பேக் என்று போட்டிருந்தால் நிதானமாகப் படியுங்கள். அதில் சிம்பல் என்கிற உலோகத் தட்டு இல்லை, ஸ்டாண்டு இல்லை, பெடல் இல்லை. சிலதில் மடிக்கு முன்னால் வைத்து அடிக்கும் ஸ்நேர் டிரம்கூட இல்லை. விலையைப் பார்த்து மகிழ்ந்துபோய், வீட்டில் பாஸ் டிரம்மை உதைக்கப் பெடல் இல்லாமல் உட்கார்ந்தவர்கள் உண்டு.

சிம்பல் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். டிரம்மைச் சுருதி சேர்த்துச் சரிக்கட்டலாம். சிம்பலை எதுவும் செய்ய முடியாது, வாங்கியது வாங்கியதுதான். ஆரம்பச் செட்டோடு வருவது பெரும்பாலும் பித்தளை. நல்ல சிம்பல்கள் பலவும் 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம் கலந்த வெண்கலம். நம் கோயில் மணி வார்க்கும் கலவைக்கு ரொம்பப் பக்கம். 1623-லிருந்து சிம்பல் செய்யும் சில்ஜியன் குடும்பம் இஸ்தான்புல்லில் தொடங்கியது இந்தக் கலவையில்தான். உடனே "அப்போ 20 பங்குதான் உசத்தி" என்று முடிவுகட்டாதீர்கள். பைஸ்டி கம்பெனியின் '2002' என்ற சிம்பல் வரிசையில் வெள்ளீயம் 8 பங்குதான், ராக் இசைக்காரர்கள் அதன்மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். கையில் மூவாயிரம் வெள்ளி இருந்தால் நான் டிரம்மைத் தொடமாட்டேன். காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பலான ஹை-ஹேட் நல்லதாக ஒன்று, தாளம் ஓட்டும் பெரிய சிம்பலான ரைட் ஒன்று, மிச்சத்துக்கு ஸ்கின்.

இதைத்தான் அந்தத் தம்பியிடமும் சொன்னேன். முகம் கொஞ்சம் வாடியது. புது செட்டு வாங்கச் சொல்வேன் என்று எதிர்பார்த்து வந்தவனிடம் பழைய செட்டுக்கு ஸ்கின் மாற்று என்றால் வாடத்தானே செய்யும்.

இரண்டு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அதே பழைய செட்டு, வெள்ளை வெளேரென்று புது ஸ்கின், பக்கத்தில் கைமாறி வந்த ரைட் சிம்பல் ஒன்று. கீழே, "அண்ணே, அம்மாவே சத்தம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க." அதற்குக் கீழே இன்னொரு வரி: "ஆனா பூச்சோங்ல ஒரு எக்ஸ்போர்ட் விலைக்கு வந்திருக்கு."

வரும் சனிக்கிழமை இரண்டு பேரும் போகிறோம். ஸ்கின்னைக் கழற்றத் திருகு திருப்பும் டிரம் சாவியை அவன் கொண்டு வருகிறான், கைவிளக்கு என்னுடையது. அந்த வீட்டுச் சமையலறையில் கருங்கல் மேடை இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

வணக்கம்.